மே மாசம் மசாய் மாரா, அப்புறம் சான்சிபார்: பத்து நாளில் முடியுமா?

3 நவம்பர் 2024, மாலை 6.12 (கேள்வி)

மே மாசம் பிள்ளைகளுக்கு லீவு. நான், மனைவி, அம்மா (67), பையன் 12, பெண் 8. மசாய் மாரா 3 நாள், அம்போசெலி 2 நாள் (இரண்டும் கென்யாவில் விலங்குக் காடுகள்), தான்சானியாவின் சான்சிபார் தீவு 4 நாள். ஏஜென்ட் "ஆஃப் சீசன் சார், பாதி விலை" என்கிறார். சிங்கமும் வேண்டும், கடலும் வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

3 நவம்பர், இரவு 9.40 (பதில்)

மே வேண்டாம்.

3 நவம்பர், இரவு 10.50

சாப்பிட்டுவிட்டு வந்தேன், விவரமாக எழுதுகிறேன். ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. பாதி விலைதான். ஏன் பாதி விலை என்று மட்டும் சொல்லவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். ஸ்வாஹிலியில் மசிகா என்பார்கள். நமக்குக் கோடை விடுமுறை, அவர்களுக்கு அடைமழை. நீங்கள் போட்டிருக்கும் அதே திட்டத்தை, அதே மே மாசத்தில், 2018இல் நான் நாலு நண்பர்களோடு செய்தேன். அந்த வருஷம் கென்யாவில் வெள்ளமே வந்தது.

மாராவில் பல இடங்களில் மண் கரிசல். நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். மழை பெய்த கரிசலில் மாட்டுவண்டியைக்கூட இறக்கக்கூடாது என்று அஞ்சாம் வகுப்பிலேயே தெரியும். ஆனால் எங்களுக்குக் கிடைத்தது கூரை தூக்கும் சாதாரண வேன், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லை. இரண்டாம் நாள் காலை ஒரு ஓடையை ஒட்டி இறங்கினோம். பின்சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. டிரைவர் இறங்கி ஒரு தடவை சுற்றும் முற்றும் பார்த்தார். சிங்கம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்புறம் நாங்களும் இறங்கினோம். முதல் அடியில் செருப்பு மண்ணோடு போயிற்று. இரண்டாவது அடியில் ஆளுக்கு அஞ்சு கிலோ மண் காலில். புதரை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டு, மாடு மேய்க்கும் மசாய்ப் பையன்கள் ரெண்டு பேர் வந்து தோள் கொடுத்து, மூன்று மணி நேரம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து போய் கரிசலில் மாட்டிக்கொண்ட கரிசல்காட்டான் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சான்சிபார் கதை நாளைக்கு.

4 நவம்பர், காலை 7.15

விசா பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார். கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டு விசா 100 டாலருக்குக் கிடைக்கிறது, ஒரே விசாவில் கென்யா, தான்சானியா இரண்டும் முடிந்துவிடும்.

4 நவம்பர், பகல் 1.05

மேலே நான் எழுதியது தப்பு. அந்தக் கூட்டு விசா கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கு மட்டும். தான்சானியா அதில் இல்லை. சான்சிபார் போனால் தான்சானியாவுக்குத் தனியாக எடுக்கவேண்டும். 2018இல் எல்லாவற்றையும் ஏஜென்ட் பார்த்துக்கொண்டதால் வந்த குழப்பம். கென்யாவுக்கு இப்போது விசாவே கிடையாது. 2024 ஜனவரியிலிருந்து இ.டி.ஏ. என்று ஆன்லைனில் முன் அனுமதி. அதுவும் இலவசம் இல்லை, கட்டணம் உண்டு.

சான்சிபாருக்கு இன்னொரு புதுச் செலவு: 2024 அக்டோபர் 1 முதல் அவர்களுடைய அரசுக் காப்பீட்டைப் பெரியவருக்கு 44 டாலர் கட்டி எடுக்கவேண்டும். நீங்கள் இங்கே ஏற்கெனவே எடுத்த பயணக் காப்பீடு அங்கே கணக்கில் வராது.

4 நவம்பர், இரவு 9.30

சான்சிபார். கிழக்குக் கரையில் அறை. படத்தில் பச்சை நீலக் கடல் வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. மதியம் போய்ச் சேர்ந்தோம். கடலைக் காணோம். பாசி படிந்த சேறும் குட்டையும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. "அதுதான் சார் கடல்" என்றார் அறை காட்ட வந்தவர்.

ஏமாற்று இல்லை. அந்தக் கரை முழுக்கவே பவளத்திட்டு அலையைத் தடுக்கிறது, உள்ளே தண்ணீர் ஆழமில்லை. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்றவற்றம் நாலு மீட்டர் வரை போகும். வற்றத்தில் கடல் ஒரு கிலோமீட்டர் உள்வாங்கும், ஆறு மணி நேரத்தில் திரும்பி வரும். நம்ம மெரினாவில் குளித்து வளர்ந்தவனுக்கு இது புரியவே ஒரு நாள் ஆகிறது. வடக்கு முனையில் நுங்வி, கெண்ட்வா பக்கம் இந்தத் தொல்லை குறைவு. எங்கே போனாலும் அறை போடுமுன் அந்தத் தேதியின் ஏற்றவற்ற நேரத்தைப் பாருங்கள். மழை வேறு. பக்கத்து ரெண்டு ஓட்டல்கள் மே மாசத்துக்குச் சாத்தியே வைத்திருந்தார்கள்.

5 நவம்பர், இரவு 8.20

"பிள்ளைகளுக்கு மே விட்டால் வேறு லீவு எங்கே?" என்று கேட்டிருக்கிறீர்கள். காலாண்டு. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். எங்கள் வீட்டில் யாரும் யோசிக்காத லீவு அது, ஆனால் கென்யாவுக்கு அதுதான் பொருந்துகிற லீவு. மாராவில் வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் ஒரு மான்) கூட்டம் பெரும்பாலும் ஜூலையில் வந்து அக்டோபர் வரை இருக்கும். கடற்கரையில் ஏப்ரலிலிருந்து வீசும் தென்கிழக்குக் காற்று, குசி என்பார்கள், அடங்குகிற நேரம். அக்டோபரில் தண்ணீர் தெளிய ஆரம்பிக்கும். சிறுமழை அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோதான் பிடிக்கும்.

அரையாண்டு லீவும் மோசமில்லை, ஆனால் கிறிஸ்துமஸ் வாரம், கடற்கரை விலை எகிறும்.

ஜூலை, ஆகஸ்ட்தான் சிறந்த காலம் என்று எல்லோரும் சொல்வது காட்டுக்கு மட்டும். அப்போது கடற்கரையில் காற்று, மேகம், கலங்கிய தண்ணீர், கரை ஒதுங்கும் பாசி. காட்டுக்கும் கடலுக்கும் சேர்ந்து நல்லதாக அமைகிற மாசங்கள் கொஞ்சம்தான். ஜனவரி, பிப்ரவரி ஒன்று, செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுவரை இன்னொன்று.

6 நவம்பர், காலை 6.50

காசுக் கணக்கு. 2024 முதல் மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். பெரியவர்கள் மூன்று பேர், மூன்று நாள்: 1,800 டாலர். ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். இது உள்ளே நுழைய மட்டும். வண்டி, அறை, சாப்பாடு எல்லாம் தனி.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் நாங்கள் இரண்டாவது தடவை, 2024 பிப்ரவரியில், மாராவையே விட்டுவிட்டு சாவோ என்ற இன்னொரு காட்டுக்குப் போனோம். அப்போது பெரியவருக்கு 52 டாலர், ஒரு சீட்டு 24 மணி நேரம் செல்லுபடியானது. கேட்டில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். கார்டு அல்லது எம்-பெசா (செல்போன் வழியாகப் பணம் கட்டும் முறை).

6 நவம்பர், இரவு 10.15

சாவோ என்று பெயரைச் சொன்னதும் எங்கம்மா, "நல்ல நாளும் அதுவுமா ஊருக்கு இப்படி ஒரு பேரா?" என்றாள். டிக்கெட் எடுத்த பிறகுகூட அவள் வாயால் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "அந்தக் காடு" என்றுதான் சொல்வாள்.

கிழக்கு சாவோ, மேற்கு சாவோ என்று இரண்டு பூங்காக்கள், 1948இல் அமைத்தது. சேர்த்தால் 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மாரா 1,510தான். அதனால் விலங்கு சிதறிக் கிடக்கும், தேடவேண்டும். ஆனால் வண்டிக் கூட்டம் இல்லை. நடுவிலேயே தலைநகர் நைரோபியிலிருந்து கடற்கரை ஊரான மொம்பாசாவுக்கு ரயில் ஓடுகிறது. காட்டிலிருந்து கடலுக்குப் போக விமானம் வேண்டாம், எல்லை தாண்டவேண்டாம். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்: இரண்டு நாடு, இரண்டு காடு என்று அலையாமல் ஒரே ரயில் பாதையில் காட்டையும் கடலையும் கோத்துவிடுங்கள்.

நைரோபியில் காலை 8 மணி வண்டி. எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏறாதீர்கள். ஊருக்கு ஊர் நிற்கிற வண்டிதான் வோய் நிலையத்தில் நிற்கும். பூங்கா கேட் அங்கிருந்து பக்கம். 2024இல் மொம்பாசா வரைக்கும் சாதா வகுப்பு 1,500 ஷில்லிங், முதல் வகுப்பு 4,500. ஏறுவதற்கு முன் பெட்டிகளை எல்லாம் தரையில் வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்வார்கள், மோப்ப நாய் வரும். எங்கம்மா பையில் எலுமிச்சை ஊறுகாய். நாய் அந்தப் பையிடம் வந்து நின்றது. எங்களுக்கு மூச்சே நின்றது. அது ஒரு தும்மல் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது.

7 நவம்பர், மாலை 5.40

ஊசி பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள், இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். இந்தியாவிலிருந்து நேராகக் கென்யா போனால் அங்கே மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பதில்லை. திரும்பும்போதுதான் சிக்கல். கென்யாவிலிருந்து வருகிறவரிடம் சான்றிதழ் இல்லை என்றால் நம்ம விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். கென்யாவிலிருந்து சான்சிபார் போனால் அங்கேயும் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுசுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு 67 என்றீர்கள். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து போடும் ஊசி. அறுபது தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு ஆபத்து கூடுதல். டிக்கெட் போடுவதற்கு முன் அவர்களுடைய டாக்டரைப் பாருங்கள். எங்கம்மாவுக்கு 64. டாக்டர் பழைய கோப்புகளை எல்லாம் புரட்டிப் பார்த்து, முட்டை ஒவ்வாமை உண்டா, வேறு என்ன மாத்திரை என்று அரை மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். மலேரியா மாத்திரையும் அவரிடமே கேளுங்கள். நைரோபி உயரமான ஊர், அங்கே பயம் குறைவு, காட்டிலும் கடற்கரையிலும் அப்படி இல்லை.

9 நவம்பர், இரவு 11.00

"சாவோவில் என்னதான் பார்த்தீர்கள், பட்டியல் போடுங்கள்" என்கிறார் ஒருவர்.

உண்மையைச் சொல்கிறேன். பிப்ரவரி மழையில்லாத வறண்ட மாசம், தண்ணீர் இருக்கிற இடத்தில் விலங்கு கூடும் என்று படித்துவிட்டுப் போனேன். 2023 கடைசியில் எல் நினோ மழை கொட்டித் தீர்த்திருந்ததால் புல் இடுப்பளவு. முதல் நாள் முழுக்க ஒரு டிக்டிக் (முயலைவிடக் கொஞ்சம் பெரிய மான்), நாலு ஒட்டகச்சிவிங்கி, ஏகப்பட்ட புல். மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுதமுடியாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு குட்டை. யானைகள், இருபதுக்கு மேல். சாவோ யானை சாம்பல் நிறம் இல்லை. மண் செக்கச்செவேல் என்று இருக்கும், அதை அள்ளி மேலே போட்டுக்கொண்டு செங்கல் சூளையிலிருந்து எழுந்து வந்தது போல நிற்கும். குட்டையில் இறங்கியவை இடுப்பு வரைக்கும் கறுப்பு, அதற்கு மேலே சிவப்பு. ஒரு குட்டி, தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் தானே மிதித்துக்கொண்டது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். மண்ணை வாரி முதுகில் போடுகிற சத்தம், சொத் சொத்தென்று, வண்டிக்குள் கேட்டது. அம்மா மட்டும் மெதுவாக, "திருச்செந்தூர் யானைக்கு இப்படி ஒரு குட்டை இருக்கா?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை.

சிங்கம்: ஒன்று. தூங்கிக்கொண்டிருந்தது. சாவோவில் ஆண் சிங்கத்துக்குப் பிடரி குறைவு, அதனால் பிள்ளைகள் படத்தில் பார்த்த சிங்கம் மாதிரி இருக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

10 நவம்பர், காலை 8.10

சிங்கம் என்றதும் ஆள்தின்னிச் சிங்கம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அது இந்த ஊர்தான். 1898. பிரிட்டிஷார் மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட்டபோது சாவோ ஆற்றுப் பாலத்தடியில் இரண்டு சிங்கங்கள் கூடாரத்திலிருந்து கூலிகளை இழுத்துப்போயின. பேட்டர்சன் என்ற பொறியாளர் கடைசியில் இரண்டையும் சுட்டார். பாடம் செய்த உடல்கள் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 135 பேரைத் தின்றன என்று அவர் எழுதினார். எலும்பையும் முடியையும் ஆராய்ந்து 2009இல் வந்த கணக்கு 35 பேர் அளவில்தான். ஆனால் அந்தப் பாதையில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுபோனவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். நோயிலும் விபத்திலும் செத்தவர்கள் சுமார் 2,500. அவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. இப்போது ஓடுவது பக்கத்திலேயே புதிதாகப் போட்ட பாதை, 2017 முதல். யானைகள் அடியில் கடந்து போக மேடு கட்டி வழி விட்டிருக்கிறார்கள்.

12 நவம்பர், இரவு 9.05

டியானி கடற்கரை. மொம்பாசாவுக்குத் தெற்கே. மொம்பாசா ஒரு தீவு. தெற்கே போக லிகோனி படகில் வண்டியோடு ஏறிக் கடக்கவேண்டும். நடந்து ஏறினால் காசு கிடையாது. மாலை நேரத்தில் போகாதீர்கள், நாங்கள் வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

வெள்ளை மணல், மாவு மாதிரி. இங்கேயும் பவளத்திட்டு, இங்கேயும் கடல் உள்வாங்கும், ஆனால் ஏற்றத்தில் நன்றாகக் குளிக்கலாம். ரப்பர் செருப்பு இல்லாமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். நான் வைத்தேன். முள்ளுமுள்ளாக ஒரு கறுப்பு உருண்டை, பாறை இடுக்கில். குதிகாலில் ஏழெட்டு முள் ஒடிந்து நின்றது. கரையில் இளநீர் விற்றவர் (மடஃபு என்பார்கள், சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள்) பப்பாளிக்காயைக் கீறிப் பாலைத் தடவிவிட்டார். சாயங்காலத்துக்குள் வலி அடங்கியது. பப்பாளியா, நேரமா, தெரியாது.

ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்று ஏணி தொங்கும். கொலோபஸ் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடக்கக் கட்டியது. காலையில் அதற்கடியில் நின்றால் குட்டியை மார்பில் கட்டிக்கொண்டு வரிசையாகப் போகும். என் மகளுக்கு யானையைவிட இதுதான் பிடித்தது.

12 நவம்பர், இரவு 11.30

இப்போது ஒருவர் திருத்தினார்: டோங்கோ குண்டு புறவழிச்சாலை திறந்தாயிற்று, பாலம் வழியாகவே தெற்கே போகலாம், லிகோனி படகு தேவையில்லை. நல்லது. நான் நின்ற ஒன்றரை மணி நேரத்தை யாரிடம் கேட்பது?

15 நவம்பர், பகல் 2.20

சைவ சாப்பாடு. அம்மாவைப் பட்டினி போடவேண்டியதில்லை. கடற்கரைப் பக்கம் காலையில் ம்பாசி, மஹம்ரி கேளுங்கள். ம்பாசி என்பது முழுத் துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது. மஹம்ரி ஏலக்காய் போட்டு உப்பிய முக்கோண பூரி. எங்கம்மா முதல் வாய் வைத்துவிட்டு, "துவரையை இப்படிச் செய்யலாம்னு நமக்குத் தோணலையே" என்றாள். ஊருக்கு வந்து செய்தும் பார்த்தாள். அவர்கள் சப்பாத்தி, பெயர்தான் சப்பாத்தி, அடுக்கடுக்காக நம்ம பரோட்டாவுக்குத் தம்பி. உள்ளே போனால் உகாலி (மக்காச்சோளக் களி), சுகுமா விகி என்று ஒரு கீரை. அந்தப் பெயருக்கு "வாரத்தைத் தள்ளு" என்று அர்த்தமாம். மாசக் கடைசியில் எங்கள் வீட்டு ரசம்.

பிளாஸ்டிக் பை 2017 முதல் தடை, மஞ்சப்பையில் கட்டிக்கொண்டு போங்கள்.

18 நவம்பர், இரவு 10.40

மணி விஷயம் சொல்ல மறந்தேன். நான் ஸ்வாஹிலியில் எண்கள் கற்றுக்கொண்டு போயிருந்தேன், அதுதான் வினை. டால்பின் பார்க்கப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடம் அவர் பாஷையிலேயே கேட்டேன். "சா குமி நா ம்பிலி", பன்னிரண்டு மணி என்றார். நிம்மதியாகத் தூங்கி, பதினொன்றரைக்குக் கரைக்குப் போனால் படகு திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அவர்கள் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒன்று. பன்னிரண்டு என்றால் காலை ஆறு. யோசித்தால் நம்ம தாத்தாக்கள் நாழிகையை உதயத்திலிருந்துதானே எண்ணினார்கள்? ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஆறு என்றே சொல்லியிருப்பார். பெருமைக்குப் பட்டது.

24 நவம்பர், காலை 9.15

"மாரா போகாமல் கென்யா போனேன் என்று சொல்லாதே" என்று திட்டியிருக்கிறார்கள். ஒரு வாரமாக யோசித்தேன். கரிசலில் மாட்டிய அதே பயணத்தில், மறுநாள், கறையான் புற்றின் மேல் ஒரு சிவிங்கிப்புலித் தாய். மூன்று குட்டிகள். மழை விட்டு வெயில் வந்திருந்தது, நாலும் ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தன. எங்களைத் தவிர ஒரு வண்டி இல்லை. சாவோவில் மூன்று நாளில் அதற்கு ஈடாக எதையும் பார்க்கவில்லை. யானைக்குட்டை தவிர.

அதனால் என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பிள்ளைகள் சிங்கம் சிங்கம் என்று துடித்தால் மாராவே போங்கள், ஆனால் அம்போசெலியையும் சான்சிபாரையும் வெட்டுங்கள். மாராவிலிருந்து டியானிப் பக்கம் உகுண்டாவுக்குச் சின்ன விமானம் இருக்கிறது. ஆளுக்கு 15 கிலோ, மெத்தென்ற துணிப்பை மட்டும், சக்கரப் பெட்டி ஏற்றமாட்டார்கள். காசு பார்த்தால் சாவோ. இரண்டும் வேண்டும் என்றால் பத்து நாள் போதாது, அம்மாவுக்கு முதுகும் போதாது.

2 பிப்ரவரி 2025, இரவு 8.45

கேட்டவர் எழுதியிருக்கிறார்: காலாண்டு லீவுக்கு ரயில் திட்டமே முடிவாம். நைரோபியில் இறங்கி மொம்பாசாவிலிருந்து அடிஸ் அபாபா வழியாகத் திரும்புகிறார்கள். அம்மாவுக்கு டாக்டர் ஊசிக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார். நல்ல செய்தி. ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் யானை தெரியும் என்று கேட்கிறார்.

இரண்டு பக்கமும் தெரியும். நைரோபியிலிருந்து போகும்போது வலது பக்கம் மேற்கு சாவோ, இடது பக்கம் கிழக்கு சாவோ. வானம் தெளிவாக இருந்தால் கிளிமஞ்சாரோவும் வலது பக்கம்தான், காலையில் மட்டும், மேகம் ஏறுவதற்குள். அம்மாவை வலது ஜன்னலில் உட்காரவையுங்கள். ஊறுகாயைப் பெட்டிக்கு அடியில் வையுங்கள்.